என் குறுநாவல் படமானது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே முப்பது வருடம், மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போன ஒரு பெண்ணுக்கு வயதான பிறகு ஓர்மை, அதாவது நினைவு, தவறிப்போகிறது. வெட்டு இல்லாத நாளிலும் விடியுமுன் எழுந்து கத்தியோடு தோட்டத்துக்குப் போகிறாள். கடைசியில் மரங்களையெல்லாம் முறித்து விற்றுவிட்ட பிறகும் அந்த வெறும் நிலத்தில் போய் நிற்கிறாள். நான் எழுதிய குறுநாவல் இதுதான். மொத்தம் 90 பக்கம். அது படமாகி வெளிவந்த நாளிலிருந்து கல்யாண வீடு, பேருந்து, நூலகக் கூட்டம் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துவதைவிட, உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கதை எப்படி இயக்குநர் கைக்குப் போனது?

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் வரும்போது வாசித்திருக்கிறார். யாரோ நண்பர் கொடுத்த பிரதி. வள்ளியூர் தாண்டும்போது முடித்துவிட்டாராம். இறங்கியதும் போன் செய்தார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினோம்.

அவருக்கு ஐந்து வருடம் முன்பே ஒரு தயாரிப்பாளர் வந்திருந்தார். ‘கதை எனக்குத்தான், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்’ என்று வாய்ச்சொல்லாகக் கேட்டு, கையில் கொஞ்சம் முன்பணம் வைத்துவிட்டுப் போனார். காகிதம் எதுவும் இல்லை. இரண்டு வருடம் படமும் இல்லை, பதிலும் இல்லை. அந்த இரண்டு வருடமும் வேறு யார் கேட்டாலும் ‘கொடுத்தாச்சு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று வளர்ந்தவன் நான். அப்புறம் தக்கலையில் ஒரு வக்கீலைப் பார்த்தபோதுதான், எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் சட்டப்படி செல்லாது என்று தெரிந்தது. முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதை இங்கே எழுதக் காரணம், போன மாதம்கூட அருமனையிலிருந்து ஒரு தம்பி இதே நிலைமையில் என்னிடம் வந்தார்.

அப்படியானால் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள். ஒன்றரைப் பக்கம்தான். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எழுத்தாளர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடுகளுக்கு, எவ்வளவு பணம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். தயாரிப்பு நிறுவனங்கள் தரும் அச்சடித்த தாளில் பெரும்பாலும் வேறு மாதிரிதான் எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

என் ஒப்பந்தத்தில் தமிழ்ப் படத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். வேறு மொழியில் மறுபடி எடுப்பது, வெப் தொடர், நாடகம் எல்லாம் என்னிடமே இருக்கின்றன. மலையாளத்தில் இந்தக் கதைக்கு வாய்ப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே மரம், இதே கத்தி.

இன்னொன்று, உங்கள் பதிப்பாளரோடு போட்ட பழைய ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். சில பதிப்பகங்கள் திரைப்பட உரிமையையும் அதிலேயே சேர்த்து எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டு, கொடுக்க உரிமை இல்லாத பொருளை விற்றவர் ஆகிவிடாதீர்கள்.

கதையைச் சொன்ன பிறகு திருடிவிட்டால் என்ன செய்வது?

முதலில் எது திருட்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாடக ஆசிரியர் தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அந்தக் கருவை நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ அதற்குத்தான் உரிமை. ‘ஓர்மை தவறிய ஒரு தாய்’ என்பது கரு. அவள் எந்த மரத்தடியில் நிற்கிறாள், என்ன சொல்கிறாள், அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உங்களுடையது.

எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் தேதிக்குச் சாட்சி வேண்டும். அச்சில் வந்த கதை என்றால் அந்த இதழே சாட்சி. அச்சாகாத கதை என்றால் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுப் பேசப் போங்கள்.

குமரி மாவட்டத்துக் கதைகள் இதற்கு முன் படமாகியிருக்கின்றனவா?

ஆகியிருக்கின்றன. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 2002இல் தங்கர் பச்சான் இயக்கத்தில் ‘சொல்ல மறந்த கதை’ ஆனது. இரணியலைக் களமாகக் கொண்ட நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 2010இல் ‘மகிழ்ச்சி’ என்று வந்தது. ஜெயமோகனின் கதைகள் பாலா, வெற்றிமாறன் போன்றவர்கள் கையில் படமாகியிருக்கின்றன. எனக்கு முன்னே நடந்தவர்கள் போட்ட தடம் இது. அதனால்தான் என் வீட்டு நடைக்கு ஒரு இயக்குநர் வர முடிந்தது.

திரைக்கதையும் நீங்களே எழுதியதா?

இல்லை. கதை மட்டும். வசனத்தில் கூடவே இருந்தேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கதையை மாற்றியபோது வருத்தம் வரவில்லையா?

வந்தது. எல்லா மாற்றத்துக்கும் ஒரே மாதிரி வரவில்லை.

கதையில் ஒரு கணவன் உண்டு. அவனுக்கு நான் 25 பக்கம் கொடுத்திருந்தேன். படத்தில் அவன் சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ மட்டும்தான். முதல் வாசிப்பில் என் கை கால் நடுங்கியது. இப்போது குறுநாவலைத் திருப்பிப் பார்த்தால், அந்த 25 பக்கத்தில் பத்துப் பக்கம் நானே எடுத்திருக்கலாம் என்று தெரிகிறது.

இரண்டாவது மாற்றம் பருவம். என் கதை ஜூன் மாதத்து எடவப்பாதி மழையில் தொடங்குகிறது. மழையில் பால்வெட்டு கிடையாது, பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணீர் விழுந்துவிடும். மழையென்று பாராமல் அவள் கத்தியோடு இறங்குவாள். இயக்குநர் இடம் பார்க்க வந்தது ஜனவரி கடைசியில். ரப்பர் மரங்கள் இலை சொரியும் காலம். தோட்டம் முழுக்கச் சிவந்தும் பழுத்தும், கீழே கணுக்கால் அளவுக்குச் சருகு. அவர் அப்படியே நின்றுவிட்டார். இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டுத் தேறும்வரை மரத்துக்கு ஓய்வு கொடுத்து வெட்டை நிறுத்திவைப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். ‘அப்போ இந்த மாசத்துல கத்தியை எடுத்துட்டுப் போனா ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிடும் இல்லையா சார்?’ என்று கேட்டார். தெரிந்துவிடும்தான். படத்தில் அவள் சருகில் நடந்து போகும்போது ஒருத்தி வாசலில் நின்று பார்ப்பாள், ஒன்றும் பேச மாட்டாள். மார்த்தாண்டத்தில் அந்த இடத்தில் அரங்கு முழுக்க ஒரு ‘ச்சு’ கேட்டது. அந்த மாற்றத்துக்காக அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

மூன்றாவது, முடிவு. இதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கதையில் அவள் அந்த வெறும் நிலத்தில் தனியாக நிற்பாள், வெளிச்சம் வரும், கதை முடியும். படத்தில் மகன் ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். பார்க்கிறவர்களுக்கு அது ஆறுதல். அவளுக்கு அப்படி ஒரு ஆறுதல் கிடைக்கவில்லை என்று எழுதத்தான் நான் அந்தக் கதையை எடுத்தேன். இயக்குநரிடமும் இதைச் சொன்னேன். அவர் கேட்டார், யோசித்தார், தன் முடிவையே வைத்துக்கொண்டார். படம் அவருடையது. புத்தகத்தில் என் முடிவு அப்படியே இருக்கிறது.

பிடிக்காத மாற்றத்தைச் சட்டப்படி தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும். அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளரிடமே தங்கிவிடும் இரண்டு உரிமைகளைச் சொல்கிறது. இதை எழுதியவர் நான்தான் என்று கோரலாம். என் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைச் சிதைத்துவிட்டார்கள் என்று போட்ட வழக்கில், 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தைக் காட்டி இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றது. ஊடகம் மாறும்போது சில மாற்றங்கள் தேவைப்படும் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

என் படத்து முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது சிதைப்பு ஆகாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

படத்தில் பேசுவது குமரித் தமிழே இல்லை என்கிறார்களே?

நாகர்கோவில்காரர்கள்தான் அதிகமும் இப்படிச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குமரித் தமிழ் என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற பழைய நான்கு வட்டங்களிலும் பேச்சு மாறிக்கொண்டே போகும். கடற்கரைக்குப் போனால் இன்னும் வேறு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் தமிழ்நாட்டோடு இல்லை. முதலில் திருவிதாங்கூர் ராஜ்யத்திலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. என் அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எங்கள் விளையின் (தோட்டத்தின்) பழைய ஆதாரம், அதாவது பத்திரம், இன்றும் மலையாள எழுத்தில்தான் பெட்டியில் இருக்கிறது. கதையில் வருகிறவள் விளவங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் தண்ணீரை வெள்ளம் என்பாள், கூப்பிடுவதை விளிப்பது என்பாள், நினைவை ஓர்மை என்பாள்.

முதலில் எழுதி வந்த வசனத்தில் அவள் ‘ஏலே, என்னல’ என்று பேசினாள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கயத்தாறு தாண்டினால் எல்லாம் ஒரே பேச்சு. திருநெல்வேலிப் பேச்சு நல்ல பேச்சு, ஆனால் இவளுடைய வாயில் அது வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கதை என்னுடையது, அதைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பேச்சு என்னுடையது இல்லையே, நான் எப்படிக் கொடுக்க முடியும்? அதைப் பேசுகிற ஆயிரக்கணக்கான பெண்கள் இன்றைக்கும் விடியற்காலையில் தோட்டத்தில் நிற்கிறார்கள். அவர்கள் டிக்கெட் எடுத்துப் போய் உட்காரும்போது திரையில் தங்களைக் கேட்க வேண்டும்.

இயக்குநர் எதிர்த்துப் பேசவில்லை. பயந்தார். ‘ஓர்மைன்னா தர்மபுரியில புரியுமா சார்?’ என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மலையாள வார்த்தையாயிற்றே என்று ஒரு உதவியாளர் சொன்னார். திருவள்ளுவர் ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்று 541ஆம் குறளைத் தொடங்குகிறார், அந்த ஓர்தலுக்கும் இந்த ஓர்மைக்கும் வேர் ஒன்று என்று எடுத்துக் காட்டினேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். முக்கியமான காட்சி வருவதற்கு முன்பே அந்த வார்த்தை மூன்று இடத்தில் சாதாரணமாக வந்துபோகும். சந்தையில் ஒருமுறை, சாயக்கடையில் ஒருமுறை, பேரப்பிள்ளை பள்ளிக்கூடப் பையைத் தேடும்போது ஒருமுறை. ஆகவே கடைசியில் மகனைப் பார்த்து அவள் ‘எனக்கு ஒன்னும் ஓர்மை இல்ல மக்களே’ என்னும்போது யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டப்பிங் நடந்த 11 நாளும் சென்னையில் கூடவே உட்கார்ந்தேன். ‘எனக்க கத்தி எங்க?’ என்று ஒரு வரி. ஒலிப்பதிவு செய்தவர் நிறுத்திவிட்டு, ‘எனக்கு’ என்பது சரியாக விழவில்லை, இன்னொரு டேக் போகலாம் என்றார். ‘எனக்க’ என்றால் ‘என்னுடைய’ என்று விளக்கினேன். அந்தத் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நடிகையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு அவரே எங்காவது ‘என்’ என்று வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

குறைகள் இருக்கின்றன. மகனாக நடித்தவருக்கு ஓட்டம் வரவில்லை, சில இடத்தில் ‘அல்லவா’ என்பதற்கு வரும் நாகர்கோவில் ‘ல்லா’வும் விளவங்கோட்டுச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் மோதுகின்றன. காதுள்ளவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், சொல்லவும் செய்தார்கள்.

பால்வெட்டுக் காட்சிகளை உண்மையாகவே எடுத்தார்களா?

ஆமாம். முதல் நாள் தப்பாக எடுத்தார்கள். காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் சரியாக ஓடாது. அதுவும் இலை சொரியும் காலத்தில் மரத்தில் பாலே குறைவு. பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். அது பட்டையில் வழிந்த விதத்தைப் பார்த்தே வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு அக்கா, முப்பது வருடம் வெட்டியவர், நடிகையைத் தனியே விளித்துக்கொண்டு போனார். முறித்துப் போட்டிருந்த ஒரு தடியில் வெட்டப் பழக்கினார். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். கத்தி பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும். ‘மெல்ல மக்களே, அதுக்கு நோவும்’ என்று மூன்று நாளும் அதையேதான் சொன்னார். முந்தின வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுபாலை நகத்தால் கிள்ளி, நூல் மாதிரி ஒரே இழுப்பில் உரித்து இடுப்புக் கூடையில் போட வேண்டும். பிறகு சிரட்டையை உள்ளங்கையால் துடைத்துக் கம்பியில் வைக்க வேண்டும். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் படித்தது.

நாலாம் நாள் காலை நாலரை மணிக்கு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு எடுத்தார்கள். பால் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் உண்மையான பால். வெட்டின் சரிவில் ஓடி, தகரச் சில்லில் ஏறி, ஒரு சொட்டு நின்று, பிறகு சிரட்டையில் விழும். படத்தில் அந்தச் சொட்டு நிற்கும் நேரத்தை இயக்குநர் வெட்டாமல் வைத்திருக்கிறார்.

அந்த அக்காவுக்குப் பயிற்சியாளர் என்று சம்பளம் கொடுக்கவும், டைட்டிலில் பெயர் போடவும் கேட்டேன். இரண்டும் செய்தார்கள்.

எவ்வளவு பணம் வந்தது?

தொகையைச் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மூன்று தவணை. கையெழுத்தின்போது ஒன்று, படப்பிடிப்பு தொடங்கும்போது ஒன்று, தணிக்கைக்குப் போகுமுன் ஒன்று. கடைசித் தவணையை வெளியீட்டுக்குப் பிறகு என்று எழுத விடாதீர்கள். வீட்டு ஓட்டை முழுக்க மாற்றினேன், மகளின் கல்லூரிக் கடன் அடைந்தது.

அது உங்கள் பெரியம்மையின் கதைதானே?

பாதி. என் அம்மாவுக்கு, எங்கள் பேச்சில் அம்மைக்கு, அக்கா அவர். கடைசி நான்கு வருடம் ஓர்மை இல்லாமல் இருந்தார். கத்தியை எங்கே ஒளித்து வைத்தாலும் எடுத்துவிடுவார். கதை எழுதுமுன் பெரியம்மையின் பிள்ளைகள் மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மூத்த அக்கா ஒரு சம்பவத்தை மட்டும் எழுதாதே என்றார். எழுதவில்லை. படத்துக்கும் சொல்லவில்லை. அது என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் அம்மை படம் பார்த்தாரா?

பார்த்தார். மார்த்தாண்டத்தில், மூன்றாவது நாள் காலைக் காட்சி. அம்மைக்கு 79 வயது. தியேட்டருக்குப் போய் பல வருடம் ஆகிறது. படம் இருட்டில் தொடங்கும். திரையில் ஒன்றும் தெரியாது, கத்தி பட்டையைச் சீவும் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து வரிசைக்கே கேட்கும்படி அம்மை என்னிடம், ‘மணி நாலாச்சா?’ என்றார்.

அதற்குப் பிறகு படம் முடியும்வரை பேசவில்லை. வெளியே வந்து சாயா குடிக்கும்போது சொன்னது ஒன்றுதான்: ‘சிரட்டையைத் துடைச்சிட்டுல்லா வச்சா அந்தப் பிள்ளை.’ முடிவைப் பற்றிக் கேட்டேன். தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வர அன்றைக்கு யாரும் போகவில்லை, இதிலாவது ஒருத்தன் போனானே என்றார். எனக்கு என் முடிவுதான் சரி. ஆனால் இதைக் கேட்ட பிறகு இயக்குநரிடம் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

படத்துக்குப் பிறகு புத்தகம் விற்கிறதா?

விற்கிறது. அட்டையில் நடிகையின் படத்தைப் போடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். வாசிக்கிறவர் தன் மனதில் ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்ளட்டும். பழைய அட்டையே தொடர்கிறது.

அடுத்த கதையையும் கொடுப்பீர்களா?

ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. பேச்சு நடக்கிறது. இந்த முறை ஒப்பந்தத்தில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வசனத்தின் வட்டார வழக்கை என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது ஒன்று. வேலை கற்றுக்கொடுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளமும் டைட்டிலில் பெயரும் என்பது மற்றொன்று. இரண்டாவதை உடனே ஒப்புக்கொண்டார்கள். முதல் வரியை அவர்களுடைய வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.